மேல் சி வீட்டில் வருகிறது, ஊர்வலத்தில் காணாமல் போகிறது

முதுநகர் பித்தளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர். உள்ளூர் பேண்ட் செட்ல ட்ரம்பெட் வாசிக்கறேன். பி ஃப்ளாட் கருவி, மீரட்ல செஞ்சது, வாயில வைக்கற மவுத்பீஸ் 7சி அளவு. கல்யாண ரிசப்ஷன், சர்ச் தேர், சாவு எல்லாத்துக்கும் போவோம்.

பிரச்சினை இதான். காலையில மொட்டை மாடியில நின்னு ஊதினா நோட்ஸ்ல அஞ்சு கோட்டுக்கு மேல எழுதற ஏ, பி ஃப்ளாட் சுரம் சுத்தமா வருது. கொஞ்சம் முக்கினா மேல் சி-யும் வந்துடும். ஊர்வலம்னு இறங்கினா முதல் தெரு தாண்டறதுக்குள்ள, அதுக்கெல்லாம் கீழ இருக்கற ஜி-யே அல்லாடுது. ரெண்டாவது தெருவுல வெறும் காத்துதான். மேல் உதட்டுல வட்டமா பதிஞ்ச தடம் மறுநாள் மதியம் வரைக்கும் போறதில்ல. அன்னிக்கு கீழ் சி கூட கரகரங்குது.

எங்க செட்ல இருக்கற பெரியவங்க "நல்லா அழுத்தி ஊதுடா"ங்கறாங்க. யூடியூப்ல ஒருத்தர் அழுத்தவே கூடாதுங்கறார். இன்னொருத்தர் பெடல் நோட், அதாவது கருவியோட வழக்கமான எல்லைக்கும் கீழ இருக்கற நோட், ஊதுங்கறார். கடையில கேட்டா குழி ஆழம் குறைஞ்ச மவுத்பீஸ் போட்டா ரெண்டு நோட் தானா ஏறும்னு சொல்றாங்க. யார் சொல்றதைக் கேக்கறது? ஈஸ்டரை ஒட்டி வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கு ஆர்டர் இருக்கு. அதுக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா?


மூன்றாவது வால்வு எழுதியது:

மவுத்பீஸ் வாங்கற காசை பத்திரமா வைங்க முதல்ல. மத்ததை அப்புறம் பேசலாம்.


உப்பளம் பியூகிள் எழுதியது:

தம்பி, நான் புதுச்சேரி. காவல்துறை பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் பியூகிள், பிறகு கார்னெட், கடைசியில் ட்ரம்பெட்.

ஒரு சோதனை சொல்கிறேன், இன்றைக்கே செய்து பாருங்கள். காலையில் உதடு சூடான பிறகு அந்த மேல் சி-யை வாசியுங்கள். ஆனால் நாக்கால் தட்டி ஆரம்பிக்கக் கூடாது. "ஹூ" என்று வெறும் மூச்சால் தொடங்க வேண்டும். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு அவ்வளவு மெதுவாக. வந்தால் அந்த நோட் உங்களுடையது. வராவிட்டால் ஒவ்வொரு நோட்டாகக் கீழே இறங்குங்கள். எந்த இடத்தில் மூச்சு விட்டதும் தடையில்லாமல் ஒலி பிறக்கிறதோ அதுதான் உங்கள் உண்மையான எல்லை. அதற்கு மேலே வந்ததெல்லாம் கை கொடுத்தது. கருவியை உதட்டின் மேல் அழுத்தி வாங்கிய நோட் வீட்டில் ஒன்றிரண்டு தடவை வரும். தெருவில் அரை மணி நேரம் வராது, வரவும் முடியாது.

அந்தத் தடம் பதிவதற்குக் காரணமும் அதுதான். மவுத்பீஸ் விளிம்பு அழுத்தும்போது உதட்டுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் குறைந்த சதை சீக்கிரம் களைத்துவிடும். களைத்தால் நோட் இறங்கும், இறங்கினால் இன்னும் அழுத்துவோம். அப்புறம் உதடு வீங்கி மறுநாளும் வீணாகிறது.


மஞ்சக்குப்பம் மாஸ்டர் எழுதியது:

ஐயா சொல்றது அத்தனையும் சரி, மறுக்கல. ஆனா ஐயா நாற்காலியில உக்காந்து, எதிர்ல நோட்ஸ் வச்சு, ஒரு மார்ச் முடிஞ்சா தண்ணி குடிச்சு வாசிச்சவர். நாங்க அப்படியா? முன்னாடி ரெண்டு சைடு டிரம், ஒரு பேஸ் டிரம், பின்னாடி ஜெனரேட்டர் வண்டி, அதுக்கும் பின்னாடி பட்டாசு. அதுல தூங்கற குழந்தைக்கு ஊதினா எவனுக்குக் கேக்கும்? பணம் குடுக்கறவன் "ட்ரம்பெட் சத்தமே கேக்கலயே"ன்னு பாதிதான் தருவான்.

முப்பது வருஷமா செட் நடத்தறேன். அழுத்தாம தெருவுல வாசிச்சவனை நான் பார்த்ததில்ல. அழுத்தணும், ஆனா எங்க அழுத்தணும்னு தெரியணும். அவ்வளவுதான்.


உப்பளம் பியூகிள் எழுதியது:

மாஸ்டர், நாற்காலி எங்களுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். ஆகஸ்டு 15 அணிவகுப்பு வெயிலில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்துக்கு முன்னால் வாசிப்பதும் நின்றபடிதான். உப்புக்காற்று நேரே முகத்தில் அடிக்கும், உதடு காய்ந்துவிடும்.

மெதுவாக ஊதச் சொன்னது வீட்டுப் பயிற்சிக்கு. தெருவில் பலமாக ஊதத்தான் வேண்டும். மெதுவாகவே பிறக்காத நோட்டைப் பலமாக ஊதினால் அங்கே வேலை செய்வது உதடு அல்ல, முழங்கை. நான் சொல்ல வந்தது அவ்வளவே.

"எங்கே அழுத்துவது" என்று நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மேல் உதட்டில் பாரம் ஏறக் கூடாது. அதிர்வது பெரும்பாலும் அதுதான். பாரத்தைக் கீழ் உதட்டுக்கும் கீழ்ப்பல்லுக்கும் விடுங்கள். இடது கையால் கருவியை இறுக்கிப் பிடித்து இழுக்காமல் இருந்தாலே பாதி சரியாகும். வலது கைச் சுண்டுவிரலைக் கருவியின் மேலுள்ள விரல் கொக்கியில் மாட்டி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி செய்யும்போது விரலைக் கொக்கிக்கு வெளியே மேலாக வைத்துக்கொள்ளட்டும்.


அலைநீளம் எழுதியது:

நான் வாசிப்பவன் இல்லை, நெல்லிக்குப்பம் பக்கம் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பையன் ட்ரம்பெட் கற்றுக்கொள்கிறான். அதனால் இந்த இழையைப் படிக்க நேர்ந்தது. மேல் நோட் ஏன் இவ்வளவு சிரமம் என்பதைக் கொஞ்சம் சொல்லலாமா?

பி ஃப்ளாட் ட்ரம்பெட் குழாயை நீட்டி அளந்தால் ஏறக்குறைய 148 செ.மீ. வால்வு எதையும் அமுக்காமல் ஊதினால் அந்தக் குழாய் தன் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளை மட்டும்தான் நன்றாக ஆதரிக்கும். நீங்கள் எழுதும் கீழ் சி இரண்டாவது மடங்கு, அதற்கு மேலே ஜி மூன்றாவது, அடுத்த சி நாலாவது, பிறகு இ, ஜி, கொஞ்சம் தாழ்ந்த பி ஃப்ளாட், எட்டாவதாக மேல் சி. பியானோவில் அந்த மேல் சி-க்கு உரிய சுரம் பி ஃப்ளாட், 932 ஹெர்ட்ஸ். உங்கள் உதடு ஒரு விநாடிக்கு அத்தனை முறை திறந்து மூடுகிறது என்று அர்த்தம்.

இதை ஏணியாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படிகள் நல்ல இடைவெளி விட்டு இருக்கின்றன, கால் தவற வாய்ப்பில்லை. மேலே போகப் போகப் படிகள் நெருங்கிவிடும். எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் ஒரு முழுச்சுர இடைவெளிதான். கொஞ்சம் தவறினால் பக்கத்துப் படியில் நிற்பீர்கள். எங்கள் வீட்டில் தினமும் மாலை நடப்பது இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. கீழ் நோட்டுகளில் ஒலி அலை முனையில் விரிந்திருக்கும் மணிவாய் வரை போய், அங்கிருந்து நல்ல அளவு திரும்பி உதட்டுக்கு வருகிறது. திரும்பி வரும் அந்த அலைதான் உதட்டைச் சரியான அதிர்வில் பிடித்து வைக்கிறது. அதிர்வெண் கூடக் கூட மணிவாய் அலையைத் திருப்பி அனுப்பாமல் வெளியே விட்டுவிடும். ஏறக்குறைய 1500 ஹெர்ட்ஸை நெருங்கும்போது திரும்பி வருவது மிகக் குறைவு. மேல் சி-க்கும் மேலே உள்ள ஜி 1397 ஹெர்ட்ஸ். அந்த எல்லைக்குப் பிறகு கருவி கைவிட்டுவிடுகிறது, உதடு தனியாக நிற்கிறது.


மூன்றாவது வால்வு எழுதியது:

சார், இதை நான் கத்துக்கறப்போ யாராவது சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். மேல் சி-யில எனக்கு டி மாட்டிக்கறது ஏன்னு இப்ப புரியுது. ஒண்ணாம் வால்வு போட்டாலும் டி, சும்மா விட்டாலும் டி. படி நெருக்கம்னா இதுதான்.

இன்னொரு சந்தேகம். மேல் நோட்டுக்கு நிறைய காத்து வேணும், வயித்துல இருந்து தள்ளுன்னு எல்லாரும் சொல்றாங்களே, சரியா?


அலைநீளம் எழுதியது:

வாய்க்குள் அழுத்தம் கூடுதலாக வேண்டும், அது உண்மை. ஆனால் வெளியே போகும் காற்றின் அளவு கீழ் நோட்டைவிடக் குறைவு, ஏனென்றால் உதட்டுத் துவாரம் சிறியது. கீழ் நோட்டை இழுத்தால் மூச்சு சீக்கிரம் தீர்கிறது, மேல் நோட்டில் மூச்சு மிச்சம் இருக்கும்போதே தலை சுற்றுகிறது. பையனிடம் கேட்டேன், அப்படித்தான் என்றான். காற்றை அள்ளித் தள்ளினால் துவாரம் விரிந்துவிடும். விரிந்தால் நோட் கீழே விழும்.

தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பழக்கம் நல்லதில்லை.


மஞ்சக்குப்பம் மாஸ்டர் எழுதியது:

வாத்தியார் சொன்னதை நான் என் பாஷையில சொல்றேன். பசங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கறது "ஆ – ஈ". கீழ் நோட்டுக்கு வாய்க்குள்ள "ஆ"ன்னு நாக்கு படுத்துக்கும். மேல போகப் போக "ஈ"ன்னு நடு நாக்கு அண்ணத்துப் பக்கம் எழும்பும். "ஈ"ன்னு சொன்னா பயலுங்க உதட்டைக் காதுவரைக்கும் இழுத்துச் சிரிக்கறானுங்க, அது தப்பு. உதட்டோரம் அப்படியே இறுகி நிக்கணும், உள்ள நாக்கு மட்டும் போகணும். சிரிச்சா உதடு மெலிஞ்சுடும், மெலிஞ்ச உதட்டுல சத்தம் ஒல்லியா வரும், சீக்கிரம் அறுந்துடும்.


சீவாளி எழுதியது:

நான் நாதஸ்வரம், திருப்பாதிரிப்புலியூர். பித்தளை சமாச்சாரத்துல மூக்கை நுழைக்கறேன்னு நினைக்காதீங்க.

தார ஸ்தாயியில, அதாவது மேல் ஸ்தாயியில, நிக்கணும்னா எங்களுக்கும் உதடும் மூச்சும்தான், வாயில வைக்கற சீவாளி அடுத்தபடி. கேள்வி என்னன்னா, உங்க செட்ல எத்தனை ட்ரம்பெட்? ரெண்டு இருந்தா ரெண்டு பேரும் ஏன் எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாசிக்கறீங்க? எங்கள்ல இரட்டை நாயனம்னா, ஒருத்தர் ஆலாபனையில மேல போறப்ப இன்னொருத்தர் சுருதி பிடிச்சு நிப்பார், இல்ல வாயை எடுத்து உதட்டை ஆற விடுவார். அடுத்த சங்கதி அவர் எடுப்பார். சாமி நாலு வீதி சுத்தி நிலைக்கு வர்ற வரைக்கும் தாக்குப் பிடிக்கறது அப்படித்தான். தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்கு வர்ற பேண்ட் செட்டைப் பார்க்கறேன், நாலு ட்ரம்பெட்டும் முதல் பாட்டுல இருந்து ஒரே கத்தல். கரைக்கு வந்து சேர்றப்ப நாலு பேருக்கும் உதடு செத்துடுது.


மஞ்சக்குப்பம் மாஸ்டர் எழுதியது:

அண்ணே, அடிச்சீங்க பாருங்க. இதுதான் சரியான பேச்சு.

நான் என் செட்ல கொஞ்ச வருஷமா பண்றது: பல்லவியை ஒரு ட்ரம்பெட், சரணத்தை கிளாரினெட், திரும்ப பல்லவிக்கு மட்டும் எல்லாரும். மேல் எட்டுல, அதாவது மேல் ஸ்தாயியில, இரட்டிப்பா ஊதறது சந்தி முனையில, வீட்டு வாசல்ல, தேர் நிக்கற இடத்துல மட்டும். நடக்கறப்ப கீழ் எட்டுல போதும். கேக்கறவனுக்கு நிக்கற இடத்துல ஏறினதுதான் ஞாபகம் இருக்கும்.

ஒரு பாட்டு ஏ-க்கு மேல போகுதுன்னா ஒண்ணரை சுரம் இறக்கிடுவேன். சினிமாப் பாட்டை எந்த சுருதியில வாசிச்சாலும் ரோட்டுல எவனும் வழக்கு போடப் போறதில்ல. பெரிய செட்டுங்க இறக்க மாட்டாங்க, மானப் பிரச்சினை. இறக்கணும்.


முதுநகர் பித்தளை எழுதியது:

உப்பளம் ஐயா சொன்ன சோதனையைப் பண்ணிட்டேன். "ஹூ"ன்னு மூச்சுல ஆரம்பிச்சா இ வரைக்கும் தானா பிறக்குது. எஃப் ஒரு சமயம் வருது, ஒரு சமயம் வெறும் காத்து. ஜி சுத்தமா வரல! நாக்கால தட்டினா மேல் சி வருது, இப்படி எஃப் கூட நிக்கல. கேக்கவே கஷ்டமா இருந்துச்சு. அப்ப நான் இத்தனை நாளா ஊதினது எல்லாம் கை பலமா ஐயா?


உப்பளம் பியூகிள் எழுதியது:

மனம் விட வேண்டாம் தம்பி. தெருவில் வாசிக்கிற பாதிப் பேருக்கு இதே அளவுதான் இருக்கும், அவர்கள் சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இனி பயிற்சிக்கு இ-யை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், மேல் சி-யை அல்ல. இரண்டாம் கோட்டு ஜி-யில் ஆரம்பித்து அரைச்சுரம் அரைச்சுரமாக மேலே போய்த் திரும்பி வர வேண்டும். ஒரே மூச்சில், இணைத்து, காதுக்குக் கேட்கிற குறைந்த அளவில். ஹெர்பர்ட் கிளார்க் என்ற அமெரிக்க கார்னெட் மேதை நூறு வருடத்துக்கு முன்பே விரல் பயிற்சிகளை இப்படி மிக மெல்லிய சத்தத்தில், ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் பயிற்சிப் பள்ளியில் பழுப்பேறிய நகலில் இருந்து வாசித்தோம். சத்தம் குறைத்து வாசிப்பது சோம்பேறித்தனம் என்று அப்போது எங்களுக்கும் தோன்றியது.

ஒரு வரி வாசித்தால், வாசித்த அதே அளவு நேரத்துக்கு மவுத்பீஸை உதட்டில் இருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்துவிடுவது என்றால் மடியில் வைப்பது, உதட்டருகே பிடித்துக் காத்திருப்பது அல்ல. அந்த இடைவெளியில் விரல் போட்டுப் பாருங்கள், பாடிப் பாருங்கள். பியூகிளில் வால்வே கிடையாது, எல்லாச் சுரமும் உதடுதான். பழைய பியூகிள் இருந்தால் பத்து நிமிடம் அதில் ஏறி இறங்குங்கள். இல்லாவிட்டால் ட்ரம்பெட்டில் வால்வைத் தொடாமல் சி, ஜி, சி, இ என்று நழுவி ஏறுவதும் அதே வேலைதான்.

ஜி மூச்சில் பிறந்த பிறகு ஏ. அதற்கு முன்னால் ஏ-யைத் தேடிப் போக வேண்டாம்.


திண்டிவனம் கார்னெட் எழுதியது:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பெடல் நோட்டை யாருமே பேசலையே? கீழ கீழ போய் உதட்டைத் தொளதொளன்னு ஆட வச்சா மேல தானா திறக்கும்னு வெளிநாட்டு ஆசிரியர்கள் நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு நல்லா வேலை செஞ்சுது. நான் ஊர்வலம் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் பெடல் நோட் ஊதாம கருவியைப் பெட்டியில வைக்கறதில்ல.


மூன்றாவது வால்வு எழுதியது:

முடிஞ்ச பிறகு ஊதறது நல்லது, களைச்ச உதட்டுல ரத்தம் ஓடும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஊதினா எனக்கு வேற கதை. பெடலுக்கு நான் உதட்டை வெளியே பிதுக்கிடறேன், அப்புறம் நடு சி-க்கு வர்றப்ப உதட்டுப் பிடி மாறிடுது. அதே பிடியில கீழ போக முடிஞ்சவங்களுக்கு லாபம். பிடியை மாத்தி மாத்தி ஊதறவங்களுக்கு ரெண்டு வாய் ஆயிடும். இது ஆளுக்கு ஆள் மாறும், சண்டை போட்டு முடியாத விஷயம்.

மவுத்பீஸ் கேள்விக்கு வர்றேன். பாக் கம்பெனிக் கணக்குல எண் பெருசானா வாய் சிறுசு. 7சி-யோட உள்வட்டம் 16.2 மி.மீ., 3சி அதை விடக் கொஞ்சம் அகலம். எழுத்து குழியோட ஆழம், ஏ ஆழம், இ மேலோட்டம். ஷில்கே கம்பெனியில எண் தலைகீழ், பெருசானா அகலம். கடையில இதைத் தெரியாம மாத்திக் குடுத்துடுவாங்க.

குழி குறைஞ்சா சத்தம் கூர்மையாகும், மேல் நோட் ரோட்டுல நல்லா வெட்டிக் கேக்கும், அதே சத்தத்துக்குக் கொஞ்சம் குறைஞ்ச உழைப்பு போதும். ஆனா ஏறாத நோட்டை அது ஏத்தி விடாது. உதடு தடிச்சவங்களுக்கு ஆபத்து வேற இருக்கு. ரெண்டாவது தெருவுல உதடு வீங்கினதும் சதை குழிக்குள்ள போய் அடியைத் தொட்டுடும், சத்தம் சட்டுனு நின்னுடும். அந்த நேரத்துல 7சி-யில குறைஞ்சது கீழ் நோட்டாவது மிச்சம் இருக்கும். ஜி மூச்சுல பிறந்த பிறகு வேணும்னா குழி குறைஞ்சது யோசிங்க.


அலைநீளம் எழுதியது:

பிக்கலோ ட்ரம்பெட் வாங்கினால் மேல் நோட் வந்துவிடும் என்று பையன் நச்சரிக்கிறான். குழாய் பாதி நீளம்தானே என்கிறான். சரியா?


மூன்றாவது வால்வு எழுதியது:

அதே மேல் நோட்டுக்கு உதடு அதே வேகத்துலதான் அடிக்கணும் சார், அதுல தள்ளுபடி கிடையாது. குழாய் பாதியானா நீங்க சொன்ன படி இடைவெளி பெருசாகும், அதனால குறி தவறாது. பலம் வராது, துல்லியம் வரும். வாங்கிக் குடுத்துடாதீங்க.


ஆரோவில் ரோடு எழுதியது:

இந்தியாவில் இருந்துகொண்டு மேல் நோட் பேசுகிறோம், மேனார்ட் ஃபெர்குசன் பெயரே வரவில்லையே? அந்த உயரத்துக்கே பெயர் பெற்ற கனடா ட்ரம்பெட்காரர். அறுபதுகளின் கடைசியில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலி பள்ளியில் பிள்ளைகளுக்குப் பித்தளைக் கருவி சொல்லிக் கொடுத்தார். புட்டபர்த்தி மாணவர் பேண்டுக்கும் வந்து கற்பித்திருக்கிறார். நம்ம ஊரில் இருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம்.


உப்பளம் பியூகிள் எழுதியது:

அவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு இளைஞர்கள் அப்படியே ஊதிப் பார்க்கிறார்கள், அதுதான் எனக்குப் பயம். அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு உதடு பிளந்து பல மாதம் வாசிக்க முடியாமல் போனது. உதட்டைச் சுற்றியுள்ள வட்டத் தசை கிழிவதற்கு சாட்ச்மோ என்ற அவர் செல்லப் பெயரை வைத்தே நோய்ப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். உதட்டில் சுருக்கென்று வலித்தால், ஒரு பக்கம் மட்டும் பலம் போனதாகத் தோன்றினால், காற்று ஓரத்தில் கசிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வெந்நீர் ஒத்தடம், நெய் என்று நாள் கடத்தக் கூடாது.

நெய் வேண்டுமானால் இரவில் தடவுங்கள். வாசிப்பதற்கு முன் தடவினால் மவுத்பீஸ் வழுக்கும், வழுக்கினால் மறுபடி அழுத்துவோம்.


மஞ்சக்குப்பம் மாஸ்டர் எழுதியது:

பித்தளை தம்பி, கருவியையும் ஒரு தடவை பார்த்துடு. பாதிப் பேர் உதட்டைத் திட்டறாங்க, குத்தம் குழாயில இருக்கும்.

சுருதி சேர்க்க இழுக்கற குழாய், அதான் ட்யூனிங் ஸ்லைடு, அதை உருவிட்டு மவுத்பீஸ் மாட்டற குழாய்க்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பாரு. போன மாசம் ஒரு பையன் கருவியில வளையற பிரஷ் விட்டு இழுத்தேன், பச்சையா பாசி போலக் கட்டி கட்டியா விழுந்துச்சு. டீ குடிச்சுட்டு, பரோட்டா சாப்பிட்டுட்டு வாய் கொப்பளிக்காம ஊதினா அங்கதான் போய் ஒட்டும். அந்தக் குழாய் மவுத்பீஸுக்கு அடுத்தாப்புல இருக்கறதால அங்க சின்ன அழுக்கும் மேல் நோட்டைக் கெடுத்துடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில கழுவினதும் அவனுக்கு ஏ சுத்தமா நின்னுச்சு. கொதிக்கற தண்ணி ஊத்திடாத, மேல்பூச்சு உரிஞ்சு வந்துடும்.

அப்புறம் எச்சில் விடற சாவியோட கார்க். ட்யூனிங் ஸ்லைடை உருவி, அதோட ஒரு முனையை விரலால நல்லா மூடி, மறுமுனையில மெதுவா ஊது. கார்க் ஓரத்துல விரல் நனைச்சு வை. காத்து குமிழி வந்தா கார்க் மாத்து. கடையில சின்னக் காசுதான். காத்து கசியற கருவியில கீழ் நோட் ஒப்பேத்திடும், மேல் நோட் காட்டிக் குடுத்துடும். வால்வுல உப்பு ஏறும் நம்ம ஊர்ல, வாரம் ஒரு தரம் துடைச்சு ஆயில் விடு.


அலைநீளம் எழுதியது:

இதோடு வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், ஒரு டிகிரிக்கு விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர். மே மாத மத்தியானத்தில் கருவி தானாக சுருதி ஏறிவிடும். அப்போது ஸ்லைடை இழுக்காமல் உதட்டைத் தளர்த்தி இறக்கப் பார்த்தால் அது தனிக் களைப்பு. ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்துக்கொண்டு ஊதுவது உதட்டுக்கு நல்லது.


முதுநகர் பித்தளை எழுதியது:

கழுவிட்டேன் மாஸ்டர். பச்சை வரல, ஆனா கார்க் கசிஞ்சுது, மாத்தியாச்சு. மெதுவா ஊதறது முதல் வாரம் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அம்மா "என்னடா, கருவி ரிப்பேரா?"ன்னு கேட்டாங்க. இப்ப எஃப் எப்பவும் பிறக்குது, ஜி பாதி நாள் பிறக்குது.

ஒரு விஷயம் கேக்கணும். வாரத்துல சில நாள் ராத்திரி ஊர்வலம் இருக்கு. மறுநாள் காலை இந்தப் பயிற்சியைப் பண்ணலாமா, விட்டுடலாமா?


உப்பளம் பியூகிள் எழுதியது:

நீண்ட ஊர்வலத்துக்கு மறுநாள் மேல் பக்கமே போகக் கூடாது. கீழ் சி-யில் இருந்து நடு சி வரை நீண்ட நோட்டுகள், மெதுவாகப் பெருத்து மெதுவாகச் சிறுத்து, கால் மணி நேரம். உதடு வீங்கி இருந்தால் அதுவும் வேண்டாம், மவுத்பீஸைத் தொடாமல் உதட்டைப் படபடவென்று குதிரை போல உதறிவிட்டு விடுங்கள். தசை ஓய்வில்தான் பலம் பெறும். விளையாட்டு வீரர்களுக்குச் சொல்வதேதான். முழு ஓய்வு நாள் வாரத்தில் ஒன்று இருந்தால் தவறில்லை. மூன்று நாள் தொடர்ந்து விட்டால் மேல் நோட்தான் முதலில் போகும், கடைசியில்தான் திரும்பி வரும்.

வேலை இல்லாத மாதங்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆடியில் கருவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாள் எடுத்தால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. ஆடியில் தினமும் இருபது நிமிடம் போதும், மெதுவாக.


திண்டிவனம் கார்னெட் எழுதியது:

ஐயா சொல்ற மூன்று நாள் கணக்கு எனக்கு ஒத்து வரல. ஒரு வாரம் விட்டுட்டு எடுத்தா எனக்கு முன்னை விட நல்லா இருக்கு.


உப்பளம் பியூகிள் எழுதியது:

முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும், வீக்கம் வடிந்திருக்கும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் எப்படி என்று சொல்லுங்கள்.


முதுநகர் பித்தளை எழுதியது:

வில்லியனூர் முடிஞ்சு வந்துட்டோம். எங்க செட் பெரியவர்கிட்ட சீவாளி அண்ணன் சொன்னதையும் மாஸ்டர் சொன்னதையும் காட்டினேன். முதல்ல திட்டினார். அப்புறம் பல்லவியை மட்டும் என்கிட்ட குடுத்து, சரணத்தை கிளாரினெட்டுக்கு விட்டார். ஒரு பாட்டை ஒரு சுரம் இறக்கினோம், யூஃபோனியம்காரர் மட்டும் முணுமுணுத்தார், அவருக்கு விரல் மாத்தணும்.

மேல் சி நான் தொடவே இல்ல. ஜி கடைசி வரைக்கும் இருந்துச்சு, தேர் கோயில் வாசலுக்குத் திரும்பறப்ப ஏ-யும் வந்துச்சு. தடம் லேசாதான் பதிஞ்சிருக்கு. ஆனா இன்னொரு ட்ரம்பெட்காரன், என் வயசுதான், அவன் கேக்க மாட்டேங்கறான். நான் வாயை எடுக்கற இடத்துலயும் அவன் மேல் எட்டுல ஊதிக்கிட்டே வர்றான். என் பங்கு கேக்காம போயிடுதேன்னு இருக்கு. அவன்கிட்ட எப்படிப் பேசறது?


மஞ்சக்குப்பம் மாஸ்டர் எழுதியது:

பேசாதே. பேசினா போட்டியாயிடும். அடுத்த ஆர்டர்ல உங்க பெரியவர்கிட்ட சொல்லி அவனுக்கு முதல் தெரு, உனக்கு ரெண்டாவது தெருன்னு பிரிச்சுக் குடுக்கச் சொல்லு. அவன் தெருவுல நீ கீழ் எட்டுல கூட ஊது. உன் தெருவுல அவனுக்கு ஊத உதடு இருக்காது, தானா வாயை எடுப்பான்.


சீவாளி எழுதியது:

மாஸ்டர், நீங்க எங்க ஆளுங்ககிட்ட நாயனம் கத்துக்கிட்டீங்களா?


மஞ்சக்குப்பம் மாஸ்டர் எழுதியது:

இல்லண்ணே. பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழாவுல உங்க ஆளுங்க பின்னாடி நடந்திருக்கேன், அவ்வளவுதான்.

பித்தளை தம்பி, கார்க் மாத்தறப்ப சாவி ஸ்பிரிங்கும் பார்த்தியா? தளர்ந்திருந்தா புதுக் கார்க்கும் கசியும். கடலூர்ல கிடைக்கலன்னா பழைய கருவியில இருந்து ஒண்ணு கழட்டித் தரேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வா.